வீட்டுக்குள் 2880 லிட்டர் மீன் குளம்: வடிகட்டியை எப்படி அமைப்பது?

கெண்டைப்பிரியன்:
வணக்கம். கூடத்தின் ஓரத்தில் ஒரு குளம் கட்டி முடித்திருக்கிறேன். தரைத்தளம்தான். செங்கல் சுவர் எழுப்பி, உள்ளே ரப்பர் விரிப்பு போட்டாயிற்று. உள்ளளவு 2.4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். தண்ணீர் 80 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். கணக்குப் போட்டால் 2880 லிட்டர் வருகிறது. இன்னும் தண்ணீர் விடவில்லை. மீன்கள் ஒரு தற்காலிகத் தொட்டியில் இருக்கின்றன: பத்து தங்கமீன்கள், விரல் நீளத்தில் இரண்டு கோய் (வண்ணக் கெண்டை).

கையில் இருப்பது மணிக்கு 3000 லிட்டர் என்று போட்ட ஒரு பம்ப். அதைக் குளத்தின் அடியில் வைத்து, சுவரின் மேல் ஒரு பெட்டி வைத்து, அதில் பஞ்சும் ஜல்லியும் நிரப்பி, அங்கிருந்து அருவி மாதிரி திரும்ப விழ வைக்கலாம் என்று நினைத்தேன். யுவி விளக்கும் (புற ஊதாக் கதிர் விளக்கு) வேண்டும் என்று ஒருவர் சொன்னார். குளத்துக்குப் பக்கத்தில் சுவரோரமாக 2 மீட்டர் நீளம், 70 செ.மீ. அகலத்துக்கு இடம் இருக்கிறது. தரையில் ஓடு பதித்துவிட்டதால் குளத்தின் அடியில் இனி குழாய் புதைக்க முடியாது. தண்ணீர் விடுவதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

அல்லிக்குளம்:
கட்டிய பிறகு கேட்காமல் தண்ணீர் விடும் முன் கேட்டீர்களே, அதுவே நல்லது. என் வீட்டிலும் உள்ளேதான் குளம். நான் வைத்திருப்பது மூடிய அழுத்த வடிகட்டி, உருளை வடிவம். அடக்கமானது. இடம் அதிகம் பிடிக்காது, சத்தம் இல்லை, கைப்பிடியைத் திருப்பினால் பின்னோக்கி அலசி அழுக்கை வெளியே தள்ளிவிடும். உங்கள் இடத்துக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அருவி வேண்டாம். வீட்டுக்குள் முதல் வாரம் காதுக்கு இனிமையாக இருக்கும். அப்புறம் ராத்திரி தூங்க முடியாது. நான் இரண்டே மாதத்தில் எடுத்துவிட்டுத் திரும்பும் குழாயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறக்கினேன்.

நீரோட்டம்:
தம்பி, படம் பார்த்த மாதிரி தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டித் திட்டம். பம்பை அடியில் வைத்தால் மீனின் எச்சம் முதலில் பம்பின் விசிறிக்குள் போகிறது. முழுதாக இருந்த எச்சம் அங்கே அரைபட்டுத் தூளாகிறது. அந்தத் தூளைப் பிடிக்க மெல்லிய பஞ்சு வேண்டும். மெல்லிய பஞ்சு நான்கே நாளில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பெட்டி நிரம்பி வழியும். உங்களுடையது கூடம், வெளித் தோட்டம் இல்லை. வழிந்தால் வீட்டுத் தரையில்தான்.

அதற்குப் பதில் தண்ணீர் தானாக வடிகட்டிக்கு ஓடி வர வேண்டும், கடைசியில்தான் பம்ப். குளமும் வடிகட்டிகளும் ஒரே மட்டத்தில், குழாயால் இணைந்து நிற்கும். பம்ப் கடைசி அறையிலிருந்து தண்ணீரை எடுத்துக் குளத்தில் விடும்போது அந்த அறையில் மட்டம் கொஞ்சம் இறங்கும். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டக் குளத்துத் தண்ணீர் மெதுவாக நகர்ந்து வரும். எச்சம் உடையாமல் வரும். மின்சாரம் நின்றால் எல்லா மட்டமும் சமமாகி அப்படியே நிற்கும், ஒரு சொட்டும் வழியாது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பம்பின் மேல் போட்டிருக்கும் 3000 என்பது தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. சுவர் மேல் பெட்டிக்கு ஏற்றினால் அதில் பெரும்பங்கு காணாமல் போகும். மட்டத்துக்கு மட்டம் தள்ளும்போது குழாயின் உராய்வு மட்டும்தான் எதிரி. உங்கள் பம்ப் கிட்டத்தட்ட முழு வேலையும் செய்யும். குளத்துத் தண்ணீர் மணிக்கு ஒரு முறை சுற்றிவரும். அது போதும்.

இப்போது அமைப்பு. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் மூன்று எடுங்கள். உயரம் ஏறக்குறைய 90 செ.மீ. இருக்கும். உங்கள் தண்ணீர் மட்டம் 80 செ.மீ., அதனால் அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தும். விட்டம் 60 செ.மீ.க்குள்தான். மூன்றையும் வரிசையாக வைத்தால் 2 மீட்டருக்குள் அடங்கும். முன்பு என்ன பொருள் வைத்திருந்த டிரம் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். ரசாயனமோ பூச்சி மருந்தோ இருந்தது என்றால் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

முதல் டிரம் கசடு இறங்கும் இடம். குளத்திலிருந்து வரும் குழாய் டிரம்முக்குள் நடுவில் மேல்நோக்கித் திரும்ப வேண்டும். அதன் தலையில் அடி வெட்டிய ஒரு அகலமான வாளியையோ பெரிய குழாய்த் துண்டையோ உறை மாதிரி நிறுத்துங்கள். மேல் விளிம்பு தண்ணீருக்கு வெளியே தெரிய வேண்டும். வந்த தண்ணீர் உறைக்குள் மேலேறி, போக வழியில்லாமல் கீழே திரும்பி, உறையின் அடி விளிம்பைச் சுற்றி வெளியே வந்து, டிரம்மின் ஓரமெல்லாம் பரவி மிக மெதுவாக மேலே போகும். கனமான எச்சம் அந்தத் திருப்பத்தில் கீழே தங்கிவிடும். மணிக்கு 3000 லிட்டர் என்பது இந்த அகல டிரம்முக்கு எல்லை. பெரிய பம்ப் மாட்டினால் தண்ணீர் மேலேறும் வேகம் கூடிக் கசடையும் தூக்கிக்கொண்டு போகும். அடியில் ஒரு வால்வு. அதைத் திறந்தால் கசடு வெளியே.

இரண்டாவது டிரம்மில், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர் குடியிருக்கும் பொருள். மிதந்து சுழலும் சிறிய பிளாஸ்டிக் சக்கரங்களைப் போடுங்கள். கே1 என்று கேட்டால் தெரியும். நார்வேயில் கழிவுநீர் சுத்திகரிப்புக்காக உருவான பொருள் அது. அடியில் ஏர் பம்ப் குமிழி விட்டால் சக்கரங்கள் ஓயாமல் சுழலும், ஒன்றோடொன்று உரசித் தங்களைத் தாங்களே சுத்தம் செய்துகொள்ளும். நீங்கள் அதைக் கழுவவே வேண்டாம். ஜல்லி போட்டிருந்தால் ஆறு மாதத்தில் அத்தனையையும் அள்ளி வெளியே கொட்டிக் கழுவியிருக்க வேண்டும். ஈர ஜல்லியின் எடையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள், அப்புறம் யாரும் கழுவ மாட்டார்கள். கழுவாத ஜல்லிக்குள் கசடு அழுகும்.

மூன்றாவதில் மிச்சத் தூசியை வடிகட்ட ஒரு முரட்டு நார்ப் பாய், அதன் பின்னால் பம்ப். பம்பைத் தரையில் வைக்காமல் 40 செ.மீ. உயரத்தில் ஒரு மேடை மேல் வையுங்கள். திரும்பும் குழாய் என்றாவது கழன்றால் பம்ப் குளத்தையே வீட்டுக்குள் இறைத்துவிடும். உயரத்தில் இருந்தால் மட்டம் 40 செ.மீ.க்கு வந்ததும் காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். மீன்களுக்குப் பாதித் தண்ணீர் மிஞ்சும். பம்ப் கருகாமல் இருக்க மிதவை சுவிட்ச் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

கெண்டைப்பிரியன்:
அண்ணா, இவ்வளவு எழுதியதற்கு மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். குளத்தின் அடியில் துளை போட முடியாதே, தண்ணீரை எங்கிருந்து எடுப்பது? இன்னொன்று, அடியில் வடிகால் என்றாலே 4 அங்குலக் குழாய்தான் போட வேண்டும் என்கிறார்களே?

நீரோட்டம்:
பக்கச் சுவரின் அடியில் எடுங்கள். டேங்க் நிப்பிள் (தொட்டிச் சுவரில் குழாய் மாட்டும் இணைப்பு) ஒன்றைச் சுவர் வழியாக விட்டு, விரிப்பின் இரு பக்கமும் ரப்பர் வளையம் வைத்து இறுக்குங்கள். உள்ளே அதிலிருந்து ஒரு குழாய் குளத்தின் நடுவரை தரையோடு ஒட்டிப் போகட்டும், வாய் நடுவில் இருக்கட்டும். தங்கமீன் மாட்டாத அளவு துளையுள்ள கூடை ஒன்றை வாயில் மாட்டுங்கள். திரும்பும் தண்ணீரை ஒரு மூலையில் சுவரையொட்டிச் சாய்வாக விட்டால் குளம் முழுவதும் மெதுவாகச் சுழலும். சுழலும் தண்ணீரில் கசடு நடுவுக்குத்தான் வரும். தேநீர்க் கோப்பையைக் கலக்கிவிட்டுப் பார்த்தால் தூள் நடுவில் குவியுமே, அதே தத்துவம்.

4 அங்குலம் பெரிய குளங்களுக்குச் சரி. உங்கள் 3000 லிட்டருக்கு அதில் தண்ணீர் நொடிக்கு 10 செ.மீ.தான் நகரும். அந்த வேகத்தில் கசடு குழாய்க்குள்ளேயே படுத்துக்கொள்ளும். 2 அங்குலத்தில் நொடிக்கு 40 செ.மீ.க்கு மேல் ஓடும், கசடைக் கூட்டிக்கொண்டு வரும். விலையாக முதல் டிரம்மில் மட்டம் சில செ.மீ. இறங்கும், அவ்வளவுதான். டிரம்முக்கும் டிரம்முக்கும் நடுவே மட்டும் 3 அங்குலம் போடுங்கள்.

செங்கல்_சிமெண்ட்:
கட்டட வேலை பார்ப்பவன் என்பதால் ஒரு வார்த்தை. இவர் தரைத்தளம் என்று எழுதியிருக்கிறார், நல்லது. ஆனால் இதைப் படித்துவிட்டு மாடியில் கட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். 80 செ.மீ. தண்ணீர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 800 கிலோ. சுவரின் எடை அதற்கு மேல். வீட்டு மாடித் தளங்கள் பொதுவாகத் தாங்கும்படி வடிவமைக்கப்படுவது சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோதான். நான்கு மடங்கு பாரம் நாள் முழுக்க, வருடம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். தரைத்தளத்திலும் கீழே நிலவறை இருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளிச்செதில்:
ஐயோ, நான் முதல் மாடியில் இதேபோல் ஒன்று கட்டத்தான் இருந்தேன். வெறும் 50 செ.மீ. ஆழம் என்றால் பரவாயில்லையா சார்?

செங்கல்_சிமெண்ட்:
500 கிலோ. அதுவும் அதிகம். கட்டட வரைபடத்தோடு ஒரு கட்டமைப்புப் பொறியாளரைப் பார்க்காமல் ஒரு செங்கல்லும் வைக்க வேண்டாம்.

சோதனைக்குழாய்:
நுண்ணுயிர்ப் பகுதிக்கு ஒரு கணக்கு தருகிறேன். குளத்தின் லிட்டரை வைத்து வடிகட்டியை அளக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. தண்ணீர் அழுக்காவது தீவனத்தால். எனவே தீவனத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இப்போது உங்கள் மீன்கள் நாளுக்கு 10 கிராம் தின்றால் அதிகம். கோய் இரண்டும் வளர்ந்து ஆளுக்கு ஒன்றரைக் கிலோ ஆன பிறகு மொத்தம் 40 கிராம் போகும். வளர்ந்த நாளுக்குத்தான் கட்ட வேண்டும். 35 சதவீதம் புரதம் உள்ள தீவனம் 40 கிராம் போட்டால், அதிலிருந்து நாளுக்குச் சுமார் 1.3 கிராம் அமோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். நுண்ணுயிர் படிந்த ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளுக்கு 0.2 கிராம் மாற்றும் என்று கஞ்சத்தனமாகவே வைத்துக்கொள்வோம். 6.5 சதுர மீட்டர் தேவை. கே1 சக்கரங்கள் ஒரு லிட்டருக்கு அரைச் சதுர மீட்டர் பரப்பு தரும். 13 லிட்டர் போதும். குளிர் நாள், திடீரென்று கூடும் தீவனம் இதற்கெல்லாம் இடம் விட்டு 40 லிட்டர் போடுங்கள். அதற்கு மேல் வீண். டிரம்மில் பாதிக்கு மேல் சக்கரம் நிரப்பினால் அவை சுழலவும் செய்யாது.

பலர் மறந்துவிடும் இடம் காரத்தன்மை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் தண்ணீரின் திறன். அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது நுண்ணுயிர்கள் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்கின்றன. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 7 கிராமுக்குச் சற்று மேல், கால்சியம் கார்பனேட் கணக்கில். 1.3 கிராமுக்கு 9 கிராம் சொச்சம். உங்கள் குளத்தில் அது நாளுக்கு லிட்டருக்கு 3 மி.கி.க்கு மேல் குறைவது. தண்ணீரே மாற்றாமல் ஒரு மாதம் விட்டால் 90 மி.கி.க்கு மேல் போய்விடும். மென்மையான தண்ணீராக இருந்தால் அத்தனையும் காலி. பிறகு ஒரே இரவில் பி.எச் சரிந்து விழும், நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்தும், காலையில் மீன்கள் சாய்ந்து கிடக்கும். நான் அப்படி ஒரு காலையைப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். காரத்தன்மை 80 மி.கி.க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் சமையல் சோடாவைக் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றலாம்.

அல்லிக்குளம்:
சார் சொன்ன கணக்கு அருமை. என்றாலும் என் அழுத்த வடிகட்டி மூன்று வருடமாக நன்றாகத்தான் ஓடுகிறது. அதை ஏன் எல்லோரும் ஒதுக்குகிறீர்கள் என்று புரியவில்லை. டிரம் வைத்தால் கூடத்தின் அழகே போய்விடுமே.

நீரோட்டம்:
ஒதுக்கவில்லை அம்மா. நீங்கள் வாரம் தவறாமல் அலசுகிறீர்கள், அதனால் ஓடுகிறது. அதில் எனக்கு இரண்டு கவலை. உள்ளே எவ்வளவு கசடு சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. இரண்டாவது, மின்சாரம் சில மணி நேரம் நின்றால் மூடிய உருளைக்குள் உயிர்வாயு தீர்ந்துவிடும், நுண்ணுயிர்கள் சாக ஆரம்பிக்கும், உள்ளே தண்ணீர் அழுகும். மின்சாரம் வந்ததும் பம்ப் அந்த அழுகிய தண்ணீரை நேரே மீன்களிடம் தள்ளும். உங்களிடம் இப்படி நடந்தால் முதலில் வரும் தண்ணீரைக் குளத்தில் விடாமல் வெளியே விட்டு, வாடை போன பிறகு இணையுங்கள்.

நான் வடிகட்டியைப் பார்க்கும் முறை இதுதான்: அழுக்கைப் பிடிப்பது பாதி வேலை. பிடித்த அழுக்கு தண்ணீரின் ஓட்டத்திலேயே இருந்தால் அது இன்னும் குளத்தில் இருப்பதாகத்தான் அர்த்தம். அங்கேயே கரைந்து அமோனியாவாகும். வீட்டில் உடம்பு சரியில்லாத நாளிலும், சோம்பலான நாளிலும், ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பையனை நம்பி விட்ட நாளிலும் அரை நிமிடத்தில் அழுக்கை வெளியேற்ற முடிகிறதா? அந்த வடிகட்டி நல்ல வடிகட்டி. அழகுக்கு டிரம் முன்னால் ஒரு மரத்தட்டி வையுங்கள். ஆனால் அதைத் தூக்க இரண்டு பேர் தேவைப்படும்படி செய்துவிடாதீர்கள்.

அல்லிக்குளம்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். போன மழைக்காலத்தில் மின்சாரம் நின்றபோது எனக்கு இரண்டு மீன் போயிற்று. அது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

கெண்டைப்பிரியன், உள்ளே குளம் வைத்திருப்பவள் என்ற முறையில் வேறு இரண்டு விஷயம் சொல்கிறேன். ஈரப்பதம். இந்த அளவு பரப்பிலிருந்து நாளுக்குச் சில லிட்டர் ஆவியாகி வீட்டுக் காற்றில் சேரும். சன்னல் மூடிய அறையில் சுவர் பூஞ்சை பிடிக்கும், மரச்சாமான் உப்பும். காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஒன்று அவசியம். தண்ணீரைத் தட்டுத் தட்டாகத் தெளித்து இறக்கும் வடிகட்டிகளை வெளியே வைத்தால் பிரமாதமாக வேலை செய்யும். வீட்டுக்குள் அது ஈரத்தை இன்னும் கூட்டும்.

ஆவியான அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் மாற்றியதாகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்புகளும் நைட்ரேட்டும் குளத்திலேயே தங்கும்.

கெண்டைப்பிரியன்:
யுவி விளக்கு பற்றி யாரும் சொல்லவில்லையே?

நீரோட்டம்:
தண்ணீர் பச்சையானால்தான் அது வேண்டும். பச்சை நிறம் வெயிலால் வருவது. நேரடி வெயில் படாத கூடத்தில் பெரும்பாலும் தேவைப்படாது. யுவி கசடை எடுக்காது, அமோனியாவை எடுக்காது. அந்தக் காசில் இரண்டாவது ஏர் பம்ப் வாங்குங்கள், மின்கலத்தில் ஓடுவது. நுண்ணுயிர்களும் மீன்களும் உயிர்வாயுவுக்கு ஒரே தண்ணீரைத்தான் நம்பியிருக்கின்றன. ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியே பின்னால் ஏறி வரும்.

மின் இணைப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பிரேக்கர் வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

கெண்டைப்பிரியன்:
மூன்று டிரம்மும் வைத்தாயிற்று. நேற்றுத் தண்ணீர் விட்டேன். நிப்பிள் இடத்தில் லேசாகக் கசிந்தது, வளையத்தை மாற்றி இறுக்கியதும் நின்றது. மீன்களை எப்போது விடலாம்?

சோதனைக்குழாய்:
அவசரப்படாதீர்கள். தண்ணீர் தெளிவாக இருப்பது தயார் என்பதற்கு அடையாளம் இல்லை. 25 பாகை வெப்பத்தில் நுண்ணுயிர்கள் முழுதாக வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதலில் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் கூட்டம் வரும். அதன் பின்னால்தான் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் கூட்டம். நடுவில் ஒரு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் மீன்கள் சாகும்.

மீன் இல்லாமலேயே தொடங்கலாம். அம்மோனியம் குளோரைடு கரைத்து லிட்டருக்கு 2 மி.கி. அமோனியா வரும்படி செய்யுங்கள். குறையக் குறையச் சேருங்கள். நீங்கள் சேர்த்த 2 மி.கி. ஒரே நாளில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாகும்வரை இறங்கினால் குளம் தயார். உங்கள் தற்காலிகத் தொட்டியில் பழைய பஞ்சு இருந்தால் அதை இரண்டாவது டிரம்மில் தொங்கவிடுங்கள், நாட்கள் குறையும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிவிட்டுத்தான் விட வேண்டும். குளோரமைன் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீர் என்றால் திறந்து வைத்தாலும் போகாது, அதற்கான மருந்து வேண்டும்.

கெண்டைப்பிரியன்:
18ஆம் நாள். மனசு கனமாக இருக்கிறது. தற்காலிகத் தொட்டியில் விரிசல் விழுந்ததால் போன வாரம் மீன்களைக் குளத்துக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது. அமோனியா பூஜ்ஜியம் காட்டியது, அதனால் பயமில்லை என்று நினைத்தேன். இன்று காலை எல்லா மீனும் தண்ணீர் திரும்பி விழும் மூலையில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நிற்கின்றன. நைட்ரைட் 2 மி.கி. காட்டுகிறது. என்ன செய்வது?

சோதனைக்குழாய்:
உடனே செய்ய வேண்டியவை. தீவனத்தை நிறுத்துங்கள். குளோரின் நீக்கிய, அதே வெப்பத்தில் இருக்கும் தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். அப்புறம் உப்பு. நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறி, உயிர்வாயு சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. தண்ணீரில் உயிர்வாயு இருந்தும் மீன் மூச்சு திணறுவது அதனால்தான். உப்பில் உள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழையும் வழியை அடைக்கும். வேறு எதுவும் கலக்காத உப்பு லிட்டருக்கு 1 கிராம், உங்களுக்கு 3 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. வாளியில் கரைத்து இன்று பகலுக்குள் மூன்று நான்கு தடவையாக ஊற்றுங்கள். குளத்துக்குள்ளும் ஏர் பம்பில் மாட்டிய ஒரு ஏர் ஸ்டோன் (குமிழிக் கல்) போடுங்கள். டிரம்களை மட்டும் கழுவிவிடாதீர்கள், இப்போது அங்கே இருக்கும் ஒவ்வொரு நுண்ணுயிரும் தேவை.

நீரோட்டம்:
தம்பி, தொட்டி விரிசல் விட்டதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள். சார் சொன்னதை அப்படியே செய்யுங்கள். சாயங்காலம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கெண்டைப்பிரியன்:
இரவு 9 மணி. மூலையை விட்டு நகர்ந்து நீந்துகின்றன. நைட்ரைட் 1.3. ஒரு தங்கமீன் மட்டும் இன்னும் அடியில் படுத்திருக்கிறது.

கெண்டைப்பிரியன்:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். அந்தத் தங்கமீன் பிழைக்கவில்லை, மறுநாள் காலை போய்விட்டது. மற்ற பதினொன்றும் நன்றாக இருக்கின்றன. 12 நாள் தினமும் சோதித்துத் தண்ணீர் மாற்றினேன். 31ஆம் நாள் நைட்ரைட் பூஜ்ஜியமானது. அதன் பிறகு ஏறவே இல்லை. காரத்தன்மை 110, பி.எச் 7.6, நைட்ரேட் 20. தண்ணீர் அடிவரை தெரிகிறது.

முதல் டிரம்மின் வால்வை இரண்டு நாளுக்கு ஒருமுறை திறக்கிறோம். மட்டம் உயரத்தில் இருப்பதால் குழாயை வாளிக்குள் விட்டாலே வேகமாகப் பாய்கிறது. 15 லிட்டர் வந்ததும் மூடிவிட வேண்டியதுதான். அடர்ந்த பழுப்பு நிறம், அப்படியே செடிகளுக்குப் போகிறது. முதலில் நான்தான் செய்துகொண்டிருந்தேன். இப்போது எட்டு வயது மகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். பம்பை நான் நிறுத்தியதும் "ஒன்று, இரண்டு" என்று எண்ணிக்கொண்டே திறக்கிறாள். இரண்டாவது டிரம்மை நான் இதுவரை தொடவே இல்லை.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதுமா?

சோதனைக்குழாய்:
இப்போதைய 10 கிராம் தீவனத்துக்குப் போதும். 40 கிராமுக்குப் போகும்போது நைட்ரேட் நாளுக்கு 2 மி.கி. வீதம், வாரத்துக்கு 14 ஏறும். வாரம் 10 சதவீதம் மட்டும் மாற்றினால் அது 140 வரை ஏறித்தான் நிற்கும். 30 சதவீதம் மாற்றினால் 50ஐத் தாண்டாது. தீவனம் கூடக் கூட மாற்றும் அளவையும் கூட்டுங்கள். மூன்றாவது டிரம்மில் மணி பிளான்ட் கொடியின் வேரை இறக்கிவிட்டால் அதுவும் நைட்ரேட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். ஆனால் உப்பு முழுவதும் வெளியேறிய பிறகு வையுங்கள்.

நீரோட்டம்:
மகள் திறக்கும் வால்வுக்குப் பக்கத்தில் தரை ஈரமாகும், வழுக்கும். அங்கே சொரசொரப்பான மிதியடி ஒன்று போடுங்கள் தம்பி. டிரம்களுக்கு மூடியும் வேண்டும். குழந்தை இருக்கும் வீடு, மூடியை இறுக்கிக் கட்டி வையுங்கள்.

கெண்டைப்பிரியன்:
இரண்டையும் இன்றே செய்துவிடுகிறேன் அண்ணா.